ரூபாவை மட்டும் நிர்ணயித்தால் போதாது: சம்பள நிர்ணய சபைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணய சபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தோட்டச் சம்பளத்தைப் பற்றி நீங்கள் கூடும்போதெல்லாம் வெளியே இரண்டு பேச்சுகள் அடிபடும். சம்பளத்தைக் கூட்டினால் தோட்டத்தை இழுத்து மூட வேண்டியதுதான் என்று கம்பனிகள் சொல்லும். இத்தனை ரூபாவை நாங்கள்தான் வாங்கித் தந்தோம் என்று தொழிற்சங்கங்கள் சொல்லும். மலையில் நடந்தது இந்த இரண்டுமே இல்லை.

2021 மார்ச்சில் 900 ரூபா அடிப்படை, 100 ரூபா நிவாரணப் படி என்று நாட்சம்பளம் 1,000 ரூபாவாக அரச வர்த்தமானியில் வந்தது. ஆயிரம் ரூபா கேட்டு வருடக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் எத்தனை கிலோ எடுத்தால் அந்த ஆயிரம் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதுவரை சம்பளத்தையும் மற்ற நிபந்தனைகளையும் தாங்கி நின்ற, தொழிற்சங்கங்களோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகிக்கொண்டன. கிலோவை முடிவு செய்யும் வேலை அப்படியே தோட்டத்தை நடத்தும் துரைமாரின் கைக்குப் போனது.

என் அக்கா இன்னும் கொழுந்தெடுக்கிறார். அவருடைய தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்கு முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழ முன்பு 16 கிலோ எடுத்தால் போதும். ஆயிரம் வந்த கையோடு அது 20 ஆனது. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கென்று ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கென்று இன்னொரு கழிவு. தராசு முள் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எழுதி முடித்துவிடுவார், எட்டிப் பார்த்தால் முறைப்பார். கழிவெல்லாம் போக 17 கிலோ நின்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 2019 ஒப்பந்தத்தின்படி அடிப்படை 700, அதோடு 50, ஆக 750 ரூபா. 16 கிலோவுக்கு 750 என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 47 ரூபா. 20 கிலோவுக்கு ஆயிரம் என்றால் கிலோவுக்கு 50. வர்த்தமானியில் சம்பளம் நூற்றுக்கு 33 கூடியிருக்கிறது, அக்காவின் கைக்குக் கிலோக் கணக்கில் நூற்றுக்கு ஏழு கூடியிருக்கிறது. அதுவும் 20 கிலோ எடுக்க முடிகிற நாளில். 17 கிலோ எடுத்த நாளில் முன்பு கிடைத்தது முழு 750, பிறகு கிடைத்தது 500. சம்பள உயர்வுக்குப் பிறகு சம்பளம் குறைந்த கதை இப்படித்தான். அப்புறம் கைக்காசு இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த நாள் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேராக ஏறாது, ஓய்வுக்கான சேமலாப நிதியும் சேராது.

சம்பளம் கூடினால் வேலை போகும் என்ற பயம் உலகம் முழுக்க உண்டு. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலரானபோது, பொருளியலாளர்களான டேவிட் கார்டும் அலன் குரூகரும் அங்கேயும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் உள்ள துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்த வேலைக்கும் பங்குண்டு. அதன் பிறகும் பொருளியலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதற்குள் நாம் போக வேண்டாம். ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: ஊரில் வேலை கொடுப்பவர் ஒருவரே என்றால் அவர் கொடுப்பதுதான் சம்பளம். அங்கே சட்டம் சம்பளத்தை உயர்த்தினால் வேலை குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. மலையகத்தை விட்டால் இதற்கு வேறு என்ன உதாரணம் வேண்டும்? குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது, ரோடு தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட வேண்டும், இல்லாவிட்டால் லயத்து அறையைப் பற்றிக் கேள்வி வரும்.

அதே வாயால் கம்பனிகள் இன்னொன்றும் சொல்கின்றன, கொழுந்தெடுக்க ஆளில்லை என்று. அது உண்மை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள், பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். ஆள் எடுக்காமல் கொழுந்து முற்றிக் கிடக்கிறது, கைவிட்ட மலை காடாகி அதில் குளவி கூடு கட்டுகிறது. ஆள் கிடைக்காத தொழிலில் சம்பளத்தைக் கூட்டினால் ஆள் மிஞ்சிப்போகும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

கம்பனிப் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் உரத்துக்குத் தடை போட்டு விளைச்சலைக் கெடுத்தது அவர்கள் இல்லை. நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது, கம்பனிகளின் செலவு அவர்களுக்குக் கிடையாது. ஆனால் வெளிநாட்டுத் தோட்டங்களில் நம் ஆட்களைவிட அதிகம் எடுக்கிறார்களே என்று கேட்பவர்கள், செடிக்கு என்ன வயது, மறுநடுகை கடைசியாக எப்போது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிழட்டுச் செடியில் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் கொழுந்து வந்தால்தானே.

2022ஐயும் மறந்துவிடக் கூடாது. தேயிலை டொலருக்குப் போகிறது. 2021 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது நாட்சம்பளம் ஐந்து டொலர். அடுத்த வருடம் நடுவில் டொலர் 360ஐத் தொட்டபோது அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் கீழே. கொழும்பு ஏலத்தில் கிலோ 600 ரூபாச் சொச்சம் விற்ற தேயிலை அந்த வருடம் சராசரியில் 1,200ஐத் தாண்டியது. மாவும் அரிசியும் விலை ஏறின. சம்பளம் மட்டும் 2024 செப்டெம்பர் வரை நகரவில்லை. அந்த வருடம் 1,700 என்று அறிவித்து, வழக்குக்குப் போய், கடைசியில் 1,350இல் நின்றது. 300 ரூபா டொலரில் அது நாலரை டொலர், அதாவது 2021இல் வாங்கியதைவிடக் குறைவு. உயர்த்தியதாக நாம் கொண்டாடியது இதைத்தான்.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 அறிவிக்கப்பட்டது. 200 ரூபாவைக் கம்பனி கூட்டும், இன்னொரு 200ஐ வேலைக்கு வந்ததற்கான ஊக்கத்தொகையாக அரசு கொடுக்கும். கையில் காசு வருவதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியார் கம்பனியின் சம்பளத்தில் ஒரு பங்கை வரிப்பணத்தில் கொடுப்பது எவ்வளவு காலம் ஓடும்? அடுத்த திறைசேரி நெருக்கடியில் முதலில் வெட்டு விழுவது இதில்தானே?

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தீர்மானத்தில் ரூபாவோடு கிலோவையும் எழுதுங்கள். மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் கொழுந்து மாறும் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரே எண் வேண்டாம், கிலோவை யார், எதை வைத்துக் கூட்டலாம் என்ற விதி இருந்தால் போதும். எடுத்த கிலோ குறைந்தாலும் எட்டு மணி நேரம் மலையில் நின்றவருக்கு அரைப்பேர் போடக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். கைக்காசு நாளும் செக்ரோலில் ஏறட்டும். விலைவாசியைப் பார்த்து வருடத்துக்கு ஒரு தடவையாவது சம்பளத்தைத் திருத்துங்கள், போராட்டமும் தேர்தலும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை மட்டும் வாங்கும் முறை பரவுகிறது. சிலருக்கு அதில் லாபம் இருக்கலாம். ஆனால் அப்படி மாறியவர் உங்கள் சம்பளத்துக்கு வெளியே போய்விடுகிறார். அவருக்குக் கிடைக்கும் கிலோ விலையையும் பாருங்கள்.

இன்னொன்று, இதற்குக் காசு செலவில்லை. சம்பளத்தைக் கூட்டிய பிறகு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவருக்கு மாதத்தில் எத்தனை முழுப்பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் என்பது செக்ரோலில் இருக்கிறது. தொழில் திணைக்களம் அதைக் கேட்டு வாங்கி, பெயர்களை எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு முன்பே வெளியிடட்டும், தமிழிலும் சேர்த்து. கூட்டம் நடக்கும் அன்று கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலரையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும் என்று துரைக்கு ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒருவன்