ஆம்ப் பிளக்-இன் வாங்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஸ்டிரிங் செட் வாங்க வருபவர்களும், கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை முதன்முதலாக வாங்க வருபவர்களும் இப்போதெல்லாம் கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "அண்ணா, எந்த ஆம்ப் பிளக்-இன் வாங்கலாம்?" ஆம்ப் பிளக்-இன் என்பது கிட்டார் ஆம்பின் ஒலியைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கும் மென்பொருள். கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் நாங்கள் சொல்லும் பதில் அரைகுறையாகப் போய்விடுகிறது. அந்தப் பதிலை நம்பிப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழிப்பவர்கள் உண்டு என்பதால், நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். நாங்கள் பிளக்-இன் விற்பதில்லை. நீங்கள் எதை வாங்கினாலும் எங்களுக்குக் கமிஷனும் கிடையாது.

வீட்டில் வாசிப்பவருக்கு பிளக்-இன் ஏன் தேவைப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட் ஆம்ப்தான். ஆனால் அதன் வால்வுகளின் ஒலி லேசாகக் கரகரத்து இனிக்கத் தொடங்கும் இடத்துக்கு வால்யூமைக் கொண்டுபோனால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். நம் ஊர்ச் சத்தக் கட்டுப்பாட்டு விதியின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. வேலை முடிந்து வந்து இரவில் கிட்டாரை எடுப்பவருக்கு, ஹெட்ஃபோனும் பிளக்-இன்னும்தான் வழி.

சரி, எது நல்லது? இதைத் தெரிந்துகொள்ள, சில வாரங்களுக்கு முன் கடையை மூடிய பிறகு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு சோதனை செய்தோம். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் ஒன்று, ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார் ஒன்று (பிக்கப் என்பது ஸ்டிரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்). எந்த எஃபெக்டும் இல்லாமல் அரை நிமிட வாசிப்பை வெறும் சிக்னலாகப் பதிவு செய்து, அதே பதிவை ஐந்து பிளக்-இன்கள் வழியாக அனுப்பினோம்: கிட்டார் ரிக் 7, ஆம்ப்ளிட்யூப் 5, ஹீலிக்ஸ் நேட்டிவ், நியூரல் டி.எஸ்.பி.யின் ஆர்க்கிடைப் வரிசையில் ஒன்று, அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர்.

முதல் சுற்றில் ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே அமைத்து வைத்த ஒலியை (பிரீசெட்) அப்படியே கேட்டோம். மூவரும் ஒரே பிளக்-இன்னைக் கைகாட்டினோம். மீட்டரைப் பார்த்தால், ஐந்தில் அதிகச் சத்தமாக ஒலித்தது அதுதான். காது அப்படித்தான் வேலை செய்கிறது. சத்தம் ஒரு டெசிபல் கூடினால்கூட பேஸும் டிரெபிளும் நிறைந்திருப்பதாகத் தோன்றும், "இது தரமான டோன்" என்று மனம் முடிவு கட்டிவிடும். இரண்டாவது சுற்றில் எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பெயரை மறைத்து, ஒருவர் மாற்றிப் போட மற்ற இருவர் கேட்டோம். முதல் சுற்றின் முடிவு கலைந்துபோனது.

மூன்றாவது சுற்றுதான் எங்களுக்குப் பெரிய பாடம். எல்லா பிளக்-இன்களிலும் ஸ்பீக்கர் கேபினெட் பகுதியை அணைத்துவிட்டு, பின்னால் ஒரே ஐ.ஆர். கோப்பையும் (ஸ்பீக்கர், மைக் ஒலியின் பதிவு; கீழே விளக்குகிறோம்) அதை ஏற்றும் ஒரே லோடரையும் வைத்தோம். கனமான டிஸ்டார்ஷனில், அதாவது ஒலி நன்றாகக் கரகரக்கும்போது, எது எது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வருடக்கணக்காக ஆம்ப் கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை. அப்படியிருந்தும் தடுமாறினோம்.

காரணம் இதுதான். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கூர்மையான மேல் ஒலிகளை வடிகட்டிக் கேட்கத் தக்கதாக்குவது அந்த ஸ்பீக்கர்தான். பிளக்-இன்னில் கேபினெட்டை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், தேனீக் கூட்டைக் காதருகில் வைத்தது போல இருக்கும். ஐ.ஆர். என்பது ஒரு ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு. 1965-இல் வந்த ஷூர் எஸ்.எம்.57 மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் டிரெபிள் பளிச்சென்று வரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓரமாக நகர்த்தினால் ஒலி கருத்து, கனத்துவிடும். அந்தச் சிறு நகர்வு தரும் மாற்றம், ஒரு பிளக்-இன்னிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைவிடப் பெரியது. "இந்த பிளக்-இன் டோன் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் பிடிக்காமல் போவது அதில் முதலில் வந்து நிற்கும் கேபினெட்தான். ஸ்பீக்கர் தயாரிக்கும் செலஸ்டியன் நிறுவனமே தன் வின்டேஜ் 30, கிரீன்பேக் போன்ற ஸ்பீக்கர்களின் ஐ.ஆர்.களைத் தனித்தனியாக விற்கிறது. புது பிளக்-இன்னுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதி அதற்குப் போதும்.

கேபினெட்டுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது சிக்னல் உள்ளே நுழையும் வாசல். எங்களிடம் "பிளக்-இன் சரியில்லை" என்று லேப்டாப்போடு வருபவர்களில் பலருக்கு நாங்கள் சரிசெய்து கொடுப்பது இதைத்தான். கிட்டார் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவில் உள்ள இன்புட் வேண்டும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்ற பொத்தான் அதற்காகவே இருக்கிறது. அதை அழுத்தாமல் லைன் இன்புட்டில் வாசித்தால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவது போல மந்தமாகிவிடும், எந்த பிளக்-இன்னும் அதை மீட்டுத் தராது.

அப்புறம் கெய்ன் திருகு. பச்சை விளக்கு நன்றாக எரிய வேண்டும் என்று எல்லோரும் அதை ஏற்றிவிடுகிறார்கள். ஆம்ப் பிளக்-இன்னுக்குள் நுழையும் சிக்னல் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு சீக்கிரம் டிஸ்டார்ஷன் தொடங்கும். நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு டெசிபலும் ஆம்பின் முன்னால் ஒரு பூஸ்டர் பெடலை வைத்ததற்குச் சமம். பிறகு கிளீன் டோன் (கரகரப்பில்லாத தெளிவான ஒலி) கிளீனாக வரவில்லை என்று பிளக்-இன்னைக் குறை சொல்கிறோம். திருகைக் குறைந்த அளவில் வைத்து, உங்களால் முடிந்த பலத்தோடு ஸ்டிரிங்கை அடித்துப் பாருங்கள். சிவப்பு எரியாத வரை அங்கேயே விட்டுவிடலாம். இன்டர்ஃபேஸ் தாங்கும் அதிகபட்ச அளவு மாடலுக்கு மாடல் மாறும், அது கையேட்டில் டி.பி.யூ. (dBu) என்ற சிக்னல் அளவின் கணக்கில் இருக்கும். ஒரே பிளக்-இன், ஒரே பிரீசெட், ஆனால் நண்பர் வீட்டில் வேறு மாதிரி ஒலிக்கிறதே என்று குழம்புபவர்களுக்கு விடை பெரும்பாலும் அந்த எண்ணில் இருக்கிறது.

இரைச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எர்த் சரியில்லாத பிளக் பாயிண்டுகள் நிறைய. அதோடு லேப்டாப்பின் இரண்டு பின் சார்ஜரும் சேர்ந்தால், சிங்கிள் காயில் பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின்சார ரீங்காரம்) வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹை கெய்ன் ஆம்ப் அதைப் பல மடங்கு பெருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் பிளக்-இன் மேல் குற்றமில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஸ்டிரிங்கைத் தட்டியதிலிருந்து ஒலி காதுக்கு வரும் வரையிலான தாமதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலியின் அளவு) என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வருவதையும் டிரைவரின் வேலையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் தூரம் போகும். அதனால் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் ஒன்பது மில்லிசெகண்ட் தாமதத்தைக் கவனிக்காமலேயே வாசித்துவிடுகிறார். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ (ASIO, தாமதத்தைக் குறைக்கும்) டிரைவரைப் போட்டால் இந்த எல்லைக்குள் வந்துவிடலாம். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், அதன் தாமதம் வாசிக்கவே விடாது.

இனி பிளக்-இன்கள். கனமான டிஸ்டார்ஷனில் வித்தியாசம் குறைவு என்றோம். கிளீனுக்கும் டிரைவுக்கும் (கரகரப்புக்கும்) நடுவிலான இடத்தில் அப்படி இல்லை. மெதுவாகத் தொட்டால் கிளீன், அழுத்தி அடித்தால் கரகரப்பு, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் மறுபடி தெளிவு. வால்வு ஆம்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது, பிளக்-இன்கள் பிரிந்து தெரிவதும் அங்கேதான். எங்கள் சோதனையில் அந்த இடத்தில் எங்களுக்கு அதிகம் பிடித்தவை ஹீலிக்ஸ் நேட்டிவும், நல்ல கேப்சர் (உண்மையான ஆம்பின் ஒலியைப் பிடித்த கோப்பு) போட்ட நியூரல் ஆம்ப் மாடலரும். தேவாலயத்தில் வாசிக்கும் நண்பர்கள் இதைக் கவனியுங்கள். நீங்கள் தேடும் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப் வகை மணியொலி, மேலே டிலேயும் (எதிரொலி) ரிவர்பும் (அறையின் முழக்கம்), முழுக்க இந்த இடத்தைச் சேர்ந்தது.

நியூரல் ஆம்ப் மாடலர், ஸ்டீவன் அட்கின்சன் தொடங்கிய திறமூல மென்பொருள். உண்மையான ஆம்பின் வழியாகச் சில நிமிடச் சோதனை ஒலியை அனுப்பி, போனதையும் வந்ததையும் நியூரல் நெட்வொர்க்குக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். அப்படிப் பழக்கிய கோப்புகளை உலகெங்கும் உள்ளவர்கள் இலவசமாகப் பகிர்கிறார்கள். ஒரு குறை உண்டு. கேப்சர் என்பது அந்த ஆம்பின் திருகுகள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த புகைப்படம். பிளக்-இன்னில் கெய்னைத் திருப்பினால் உண்மையான ஆம்பின் கெய்னைத் திருப்பியது போல ஆகாது, வேறு கேப்சரைத் தேட வேண்டும். டிலே, ரிவர்ப் போன்றவற்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஐ.கே. மல்டிமீடியா 2022-இல் கொண்டுவந்த டோனெக்ஸும் கேப்சர் முறைதான். அதற்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது.

ஹீலிக்ஸ் நேட்டிவின் பட்டியல் விலை 399 டாலர். தனியாக வாங்குவதற்கு எங்களால் பரிந்துரைக்க முடியாத விலை. ஆனால் ஹீலிக்ஸ் ஃப்ளோர் பெடல்போர்டு வைத்திருப்பவர்களுக்கு 99 டாலருக்குத் தருகிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டரில் செய்த டோனை அப்படியே மேடைக்கு எடுத்துப் போகலாம். அவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து வரும் நியூரல் டி.எஸ்.பி. வேறு பாதையில் போகிறது. ஒரு கலைஞரின் ஒலியைச் சுற்றி ஒரு பிளக்-இன். திறந்தவுடன் பதிவுக்குத் தயாரான ஒலி வருகிறது, தேர்வுகள் குறைவு என்பதால் நேரம் வீணாவதில்லை. கோரி வோங் பெயரில் உள்ளது ஃபங்க் ரிதமுக்கானது, அதில் ஸ்டுடியோ மிக்சிங் கன்சோலில் நேரடியாகச் சொருகியது போன்ற ஒலியே ஒரு தனி ஆம்பாக இருக்கிறது. கோஜிரா பெயரில் உள்ளது மெட்டலுக்கு. ஒன்று வாங்கினால் மனம் நிறைகிறது. நான்கு வாங்கினால் கைக்காசு கரைகிறது, அவற்றுக்குள் ஒற்றுமையும் அதிகம். நீங்கள் உண்மையில் வாசிக்கும் இசைக்கு எது பக்கமோ அதை மட்டும் எடுங்கள்.

எல்லா வகையும் தொட்டுப் பார்க்க வேண்டும், பாடல் தயாரிக்க வேண்டும் என்பவர்களுக்கு கிட்டார் ரிக், ஆம்ப்ளிட்யூப் போன்ற பெரிய தொகுப்புகள் வசதி. கிட்டார் ரிக்கின் எஃபெக்டுகளைக் குரலுக்கும் கீபோர்டுக்கும்கூடப் போடலாம். இரண்டுக்கும் இலவசச் சிறு பதிப்புகள் உண்டு.

விலையைப் பார்க்கும்போது டாலரை ரூபாயாக மாற்றினால் மட்டும் போதாது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், வங்கி கார்டில் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். நவம்பர் கடைசியில் இந்த நிறுவனங்களில் பல விலையைப் பாதியாகக்கூடக் குறைப்பது வழக்கம், அவசரமில்லாதவர்கள் காத்திருக்கலாம். நியூரல் டி.எஸ்.பி. 14 நாளும் ஹீலிக்ஸ் நேட்டிவ் 15 நாளும் முழுதாக இயக்கிப் பார்க்கத் தருகின்றன. முன்னதற்கு ஐலாக் என்ற உரிமச் சேவையில் கணக்கு ஒன்று இலவசமாகத் தொடங்க வேண்டும், யு.எஸ்.பி. சாவி தேவையில்லை. இத்தனை வழிகள் நேர்மையாகத் திறந்திருக்கும்போது கிராக் செய்த பிரதியை யாரும் போட வேண்டாம். அதோடு வரும் வைரஸால் பல மாதப் பதிவுகளை இழந்த ஒரு தம்பி எங்கள் கடையில் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

எங்களிடம் கேட்டால், முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். நியூரல் ஆம்ப் மாடலர், ஃபெண்டர் வகையில் ஒரு கேப்சர், மார்ஷல் வகையில் ஒன்று, பிடித்த ஒரே ஒரு ஐ.ஆர்., அதை ஏற்ற இக்னைட் ஆம்ப்ஸின் இலவச நாடிர். பதிவுக்கு ரீப்பர் மென்பொருள், அதை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே ஆம்புகள் இருக்கின்றன. இந்த மாதத்தில் உங்களுக்கு எது குறைகிறது என்று உங்கள் கையே சொல்லிவிடும். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கு மட்டும் பணம் கொடுங்கள்.

இன்டர்ஃபேஸ் எங்களிடம் வாங்கியிருந்தாலும் வேறு இடத்தில் வாங்கியிருந்தாலும், வார நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் கிட்டாரையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்புட் அளவு, டிரைவர், பஃபர் மூன்றையும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து தருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை. எங்கள் சோதனையின் வெறும் சிக்னல் பதிவையும் பென் டிரைவில் வாங்கிப் போகலாம். உங்களிடம் உள்ள பிளக்-இன்களில் அதைப் போட்டு, பெயரை மறைத்து, வீட்டில் யாரையாவது மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். என்ன கேட்டது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கிட்டார் கடையிலிருந்து