நூலில் பாதி அவர் வீட்டு நூல்

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். செல்விக்கு ஐந்தாம் மாதம் நடப்பதாக எழுதியிருந்தாய். "தாய் குண்டாக இருந்தால் நஞ்சுக்கொடியே அதை எழுதிவைத்துப் பிள்ளையையும் குண்டாக்கிவிடுமாமே, நீ அதைத்தானே பார்க்கிறாய்" என்று கேட்டிருக்கிறாய். அதில் பாதிதான் சரி.

கொடியைத் தாயின் உறுப்பு என்றே நினைக்கிறோம். அது கருவிலிருந்து உண்டாவது, பிள்ளையுடையது, தகப்பன் பங்கும் பாதி. "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று செல்வியின் மாமியார் குத்திக்காட்டினால், நூலில் பாதி அவர் வீட்டு நூல் என்று சொல்.

ஊரில் மாட்டு இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடுவோமே, இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மனிதக் கொடி தாயின் எழுத்துச் சம்மதத்தோடு ஐஸ் பெட்டியில் வரும். சுமார் அரைக் கிலோ. ஒரு மணி நேரத்துக்குள் வெட்டிவிட்டால் நல்லது, தாமதித்தால் ஆர்என்ஏ (ஜீன் வேலை செய்யும்போது எடுக்கும் நகல்) சிதையும். தொப்புள்கொடி சேரும் இடத்தையும் ஓரத்தையும் விட்டு, நாலு பக்கமும் சுண்டைக்காய் அளவு துண்டுகள் எடுப்போம். தாயின் பக்கம் மெல்லிய தோல்போல் ஒட்டியிருப்பது கருப்பையின் உள்சவ்வு. அதைச் சுரண்டிவிட்டு, குளிர்ந்த உப்புக்கரைசலில் ரத்தம் போக அலசி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்போம். சுரண்டியது போதாவிட்டால் ஆண்பிள்ளையின் கொடியில் தாயின் உயிரணு கலந்து, பெண்ணின் எக்ஸ் குரோமோசோம் சாயல் தட்டும். பெண்பிள்ளை என்றால் அந்தத் துப்பும் கிடைக்காது, வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

நாங்கள் தேடுவது டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் ஒட்டும் மெத்தில் குறி. எழுத்து மாறாது, ஜீன் எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் மாறும். பைசல்பைட் என்ற வேதிப்பொருளைப் போட்டால் குறியில்லாத சைட்டோசின் யுராசிலாகிவிடும், குறியுள்ளது அப்படியே நிற்கும். அந்த வினை அரைகுறையாக நின்றால் குறியில்லாத இடமும் குறியுள்ளதாகப் பொய் சொல்லும். பிறகு குறிகளைப் படிக்க, 8 மாதிரிகள் ஏறும் சில்லு (சிப்), ஒவ்வொரு மாதிரியிலும் சுமார் 8,50,000 இடங்கள். எடை கூடிய தாய்மாரை ஒரு சில்லிலும் மற்றவரை இன்னொன்றிலும் ஏற்றினால் சில்லுகளின் வித்தியாசமே எடையின் வித்தியாசமாகத் தெரியும். அதனால் சீட்டுக் குலுக்குவதுபோல் கலந்துதான் ஏற்றுவோம். இன்னொரு கணக்கும் உண்டு. நூற்றுக்கு ஐந்து தற்செயல் என்று விட்டாலே 42,500 இடங்கள் சும்மா "கிடைத்துவிட்டது" என்று கத்தும். உண்மையான மாற்றங்களோ பெரும்பாலும் ஒரு சில சதவீதம்தான். அதுவும் கொடியில் எந்த வகை உயிரணு எவ்வளவு கலந்திருக்கிறது, எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதாலும் ஆடும்.

பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினின் ஜீனில் உள்ள குறி போன்றவை தாயின் எடையோடும் சர்க்கரையோடும் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து வருவது வேறு, காரணமாவது வேறு. தகப்பன் எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் பிள்ளையின் எடையோடு அதே அளவு தொடர்பு இருந்தால் கருப்பையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

தாயிடமிருந்து பிள்ளைக்குக் கொழுப்புச் சேர நன்றாகத் தெரிந்த வழி சர்க்கரைதான். தாயின் குளுக்கோஸ் கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. குழந்தை தன் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். கிலோவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். புனேயில் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. தசை குறைந்த அளவுக்குப் புனேக் குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை.

செல்வி கர்ப்பத்துக்கு முன் 68 கிலோ, 158 செ.மீ. என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 27. அமெரிக்கக் கணக்கில் மொத்தம் 7 முதல் 11.5 கிலோ கூடலாம். நம்மவர்க்கு 23 தாண்டினாலே சர்க்கரை அபாயம் தொடங்கும் என்று இங்கே கணக்கு. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று தட்டில் நெய்யை ஊற்றாதே. பட்டினியும் போடவிடாதே, இப்போது இளைக்கும் நேரமில்லை.

இங்கே 24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 1 மணி, 2 மணியில் என மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். வரம்பு அதே வரிசையில் 92, 180, 153 மி.கி./டெ.லி. ஒன்று எட்டினாலும் கர்ப்பகாலச் சர்க்கரைதான். நம் ஊர் அரசு மருத்துவமனையில் வெறும் வயிறு வேண்டாம், குடித்து 2 மணியில் 140 எட்டினால் போதும். முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்குப் பிறகு மறுபடி செய்ய வேண்டும். மெதுவாக, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குடிக்கச் சொல். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை கணக்கில்லை, மறுநாள் செய்ய வேண்டும்.

எண் வந்ததும் எந்த முறை என்பதையும் சேர்த்து எழுது.

உன் தங்கை,
மல்லிகா