மலையிலிருந்து கடலுக்குப் போய்வந்த 22 நோட்டுகள்

எங்களைக் கடல்வரை கூட்டிப்போய் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த எல்லோருக்கும்,

வணக்கம். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். காலாண்டு விடுமுறையில், ஊர் நூலகத்தில் எழுதப் பழகும் 22 பிள்ளைகளோடு ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்ப்பக்கம் மூன்று நாள் தங்கிவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஆனால் பிள்ளைகளின் நோட்டுகளைப் படித்து முடிக்காமல் யாருக்கு எதற்காக நன்றி சொல்வது என்று எனக்கே பிடிபடவில்லை.

முதலில் பூண்டுக்கு நன்றி. பயணச் செலவுக்குப் பணமாகக் கொடுக்க முடியாத வீடுகளில் பரணிலிருந்த பூண்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஐந்து கிலோ, இன்னொரு வீட்டில் அரை மூட்டை. வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிப்போன ஜீப்கார அண்ணன் வாடகை வாங்கவில்லை. எடைபோட்ட வியாபாரி, "கடல் பாக்கவா? சரி" என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிப் போட்டார். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்குக்கூட ஊரில் இவ்வளவு சிரிப்பு இல்லை.

பேசி வைத்திருந்த வேன், முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வராது என்று சொல்லிவிட்டது. பெரிய வாடகை ஏதோ கிடைத்ததாம். போகட்டும். விடியற்காலை நாலரைக்குத் தன் வண்டியோடு வந்து நின்ற டிரைவர் அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மலை இறங்குவதற்குள் ஏழு பேர் வாந்தி. ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் ஓரம் கட்டினார். டேஷ்போர்டில் எலுமிச்சம்பழம் உருண்டுகொண்டிருந்தது.

வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தியபோது ஒரு சின்னச் சண்டை. ஊரில் தண்ணீரைக் குடித்துவிட்டு இறுக மூடிவைத்த காலி பாட்டில், இடுப்பு ஒட்டி நசுங்கிக் கிடந்தது. யார் மிதித்தது என்று கேட்டு ஒருவனை ஒருவன் பிடித்துக்கொண்டான். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் அடைபட்ட மெல்லிய காற்றைக் கீழே உள்ள கனத்த காற்று அமுக்கியிருக்கிறது என்று விளக்க நான் வாயெடுத்தேன். "மொதல்ல அதுக என்ன நெனைக்குதுன்னு கேளுங்க டீச்சர்" என்றார் டிரைவர் அண்ணன். கேட்டேன். "எங்க ஊர்க் காத்துக்கு வெக்கையில மயக்கம் வந்திருச்சு" என்று ஒருத்தி எழுதினாள். அடுத்த மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அண்ணே, நன்றி.

கடற்கரையில் நான் போட்ட முதல் சட்டம்: அழகு, பெரிய, நீலம் மூன்று சொல்லும் கூடாது. பாதி நோட்டுகள் அத்தோடு மூடிக்கொண்டன. சட்டம் என்னவோ சரி, போட்ட நேரம் தப்பு. பிள்ளைகள் கடலைக் கண்டு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கத்தித் தீர்க்க விட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஆளுக்கு ஒரு முழம் கயிறு கொடுத்தேன். மணலில் வட்டமாகப் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். ஒருத்தியின் வட்டத்துக்குள் ஒரு சின்ன நண்டு வளை. சுற்றிலும் கதிர் கதிராக மணல் உருண்டைகள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து எழுதினாள்: "நண்டு மண்ணை மென்று பார்க்கிறது. தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தை உருட்டி வைக்கிறது. 140 வரை எண்ணினேன். அலை வந்துவிட்டது." அந்த நண்டின் பிழைப்பே அதுதான். புத்தகத்தைத் திறக்காமல் கண்டுபிடித்தாள். நோட்டிலும் ஒரு சொல் மிகையில்லை.

கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்ல? விரல் நுனிகளில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு கரையேறிய களைப்பிலும் எங்களுக்காக மணலில் உட்கார்ந்தீர்கள். மரிக்கொழுந்துப் பாசி என்றதும் எல்லாப் பிள்ளைகளும் மூக்கருகே கொண்டுபோனார்கள். கோயிலுக்குக் கட்டும் மரிக்கொழுந்துதான் அவர்களுக்குத் தெரியும். "கவுச்சி அடிக்குது!" என்று ஒருவன் கத்த, நீங்கள் சிரித்த சிரிப்பு நான்கு நோட்டுகளில் இருக்கிறது.

கடலுக்குள் என்ன சத்தம் கேட்கும் என்று ஒரு பிள்ளை கேட்டாள். "நீ தலையை முக்கிக் கேட்டுட்டு வா தாயி, பொறவு நான் சொல்றேன்" என்றீர்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முக்கியெழுந்தவள், "கடுகு பொரியிற சத்தம்" என்றாள். "எனக்கும் அதேதான்" என்றீர்கள். ஒருவகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை அது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அதை அவளிடம் சொன்னேன். "இருக்கட்டும் டீச்சர், கடுகுன்னே இருக்கட்டும்" என்றுவிட்டாள்.

தனுஷ்கோடியில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், வடக்கே அலையடங்கிய பெண்கடல், தெற்கே அலையடிக்கும் ஆண்கடல் என்று கைகாட்டினார். பெண்கடல் ஏன் சும்மா கிடக்கிறது என்று ஒரு குரல். "வாடைக்காத்து மாசத்துல வந்து பாரு, எது ஆடுதுன்னு." பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த ஊரையே அழித்த 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றியும் சொன்னீர்கள் ஐயா. அதை யாரும் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை.

படுக்க வகுப்பறை திறந்துவிட்ட பள்ளிக்கும், மூன்று வேளையும் மீன்குழம்பு வைத்த வீடுகளுக்கும், நண்டு கடித்த விரலுக்கு மருந்து போட்ட நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. ரசம் மட்டும் போதும் என்று அடம்பிடித்த அந்த இருவருக்காக மன்னிப்பும்.

ஒரு லிட்டர் கடல்நீர் கொண்டுவந்தோம். எங்கள் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 93, 94இலேயே கொதித்துவிடும். சத்துணவுக்கூட ஆயா பொறுமையாகக் கடைசிச் சொட்டுவரை வற்றவிட்டார். அடியில் தங்கியதை மளிகைக்கடை அண்ணாச்சி தராசில் வைத்தார். 35 கிராமை ஒட்டி வந்தது. ஆளுக்கொரு சிட்டிகை நாக்கில் வைத்துக்கொண்டு உப்பு என்ற சொல்லைப் போடாமல் எழுதச் சொன்னேன். கசப்பு, துரு, அழுத மூக்கு என்றெல்லாம் வந்திருக்கிறது.

கடற்கரையில் ஒரு வரிகூட எழுதாத பையன் ஒருவன் இருந்தான். திரும்பி வந்து இரண்டு பக்கம் எழுதினான். கடல் அதில் இல்லவே இல்லை. மலை இறங்கும் வழியில் பெருமாள்மலையில் யார், ஊத்து என்கிற ஊரில் யார், டம்டம் பாறையில் யார் வாந்தி எடுத்தார்கள், எலுமிச்சம்பழம் யார் கையில் இருந்தது என்று வரிசையாக. மொத்த நோட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். டிரைவர் அண்ணன் அதன் நகலை வண்டியில் ஒட்டியிருக்கிறார்.

எல்லா நோட்டுகளையும் நகலெடுத்துக் கட்டி மண்டபத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பாசி அக்கா, பனி பார்க்க வேண்டும் என்று சொன்னீர்களே, ஜனவரியில் வாருங்கள். கம்பளி எதுவும் வாங்க வேண்டாம். 22 வீட்டிலும் இருக்கிறது.

அன்புடன்,
பூம்பாறை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் எழுத உட்காரும் பிள்ளைகளுக்காக,
அவர்களுடைய டீச்சர்