கோட்டைத் தாண்டினால் என்ன குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தினத்தையொட்டி நீங்கள் நடத்திய வண்ணம் தீட்டும் போட்டியின் முடிவுகளைச் சென்ற இதழில் பார்த்தேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அச்சடித்த யானைப் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். பரிசு பெற்ற படங்களுக்கு மேலே 'கோட்டைத் தாண்டாத குட்டிப் படைப்பாளிகள்' என்று தலைப்பு. மழலையர் ஆசிரியைகளுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஓவியப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் அந்தத் தலைப்பு என்னை மிகவும் வருத்தியது. உங்கள் இதழில் வந்துவிட்டால் அதுவே முறை என்று பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் அறியாததல்ல.

மூன்று வயதுக் குழந்தை கிரேயானை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடிக்கும். அப்போது அசைவது தோள். பிறகு முழங்கை, மணிக்கட்டு என்று கட்டுப்பாடு மெல்லக் கீழே இறங்கும். மூன்று விரலால் பிடித்து விரலை மட்டும் அசைத்துத் தீட்டுவது ஐந்து, ஆறு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைகூடும். ஆக, கோட்டுக்குள் தீட்டிய பிள்ளைக்குக் கை முதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜூனில் பிறந்த பிள்ளையும் அடுத்த மே மாதம் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு வயதில் அந்தப் பதினொரு மாதம் எவ்வளவு பெரிய இடைவெளி! மூத்த பிள்ளைக்குக் கோப்பை கொடுத்து, இளைய பிள்ளையிடம் 'உனக்கு வரையத் தெரியாது' என்று நான்கு வயதிலேயே சொல்லிவிடுகிறோம்.

அந்த வயதின் படைப்பாற்றல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் வெறும் கிறுக்கல். ஒரு நாள் கோடு சுற்றிவந்து தன் தொடக்கத்தையே தொடும், வட்டம் பிறக்கும். வட்டத்துக்குள் இரண்டு புள்ளி, கீழே நேராக இரண்டு நீளக் கோடு. தலையிலிருந்தே கால் முளைத்த மனிதர் தயார். காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து கைகள் நீளும். உலகெங்கும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் படங்களில் இந்த மனிதரைக் காணலாம். "வயிறு எங்கேடா?" என்று கேட்டு, தானே சிவப்புப் பேனாவால் உடம்பு போட்டுக் கொடுக்கிற ஆசிரியைகளை எத்தனையோ வகுப்புகளில் பார்த்துவிட்டேன். அந்தத் தாளைக் குழந்தை அதன்பின் தொடுவதில்லை. பாட்டியை வீட்டைவிடப் பெரிதாக வரைந்தால் அதற்கும் திருத்தம். அந்தக் குழந்தைக்குப் பாட்டி பெரியவள், ஐயா.

அச்சடித்த யானையைத் தீட்டிப் பழகிய பிள்ளை வெற்றுத் தாளைக் கண்டதும், "எனக்கு வராது மிஸ், நீங்க போட்டுக் குடுங்க" என்று தாளை நீட்டிவிடும். அந்த அச்சு யானைக்குப் பக்கத்தில் தன் யானை யானையாகவே அதற்குத் தெரிவதில்லை. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே இதை எச்சரித்துவிட்டார். நம் ஊரில் அதன் விளைவைக் காண எந்தப் பள்ளிக்கும் போகலாம். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. மலையையே பார்த்திராத டெல்டா மாவட்டப் பிள்ளையும் இதைத்தான் போடுகிறது. தினமும் பார்க்கிற கொக்கும் வாய்க்காலும் கதிர் அறுக்கும் இயந்திரமும் தாளுக்கு வருவதே இல்லை.

பள்ளிக் கண்காட்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் நாள் இரவு அம்மாவும் அப்பாவும் தெர்மாகோலை வெட்டி ஒட்டுகிறார்கள். மறுநாள் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு அதன்மேல் நிற்கிறது. அந்தப் புகைப்படங்களை உங்கள் இதழும் வெளியிட்டிருக்கிறது.

கேட்டால், பொருளுக்குச் செலவாகும் என்கிறார்கள். அரைக் கப் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு கப் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கஞ்சிப் பதம் வரும்வரை கிளறினால் விரலால் தீட்டும் வண்ணத்துக்கு அடிப்படை தயார். கரைக்காமல் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். ஆறிய பிறகு ஒன்றில் மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு. அன்றைக்கே செய்து அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மஞ்சள் கறைக்கு அம்மாக்கள் பயப்படுவார்கள். சோப்பு பட்டதும் சிவப்பது கண்டு இன்னும் பயப்படுவார்கள். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். பிசைய மாவு வேண்டுமென்றால் இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பைக் குறைத்தால் நம் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், அப்போது ஒரு கை உலர்ந்த மாவு தூவினால் சரியாகிவிடும்.

தோளை வீசித் தீட்டும் சிறு பிள்ளைக்கு ஏ4 தாள் போதாது. சார்ட்டைப் பாதியாக வெட்டித் தரையில் ஒட்டுங்கள், பழைய காலண்டரின் பின்பக்கமும் போதும். உடைந்த கிரேயானைக் குப்பையில் போடாதீர்கள். கட்டைவிரல் நீளத் துண்டை உள்ளங்கையால் பிடிக்க முடியாது, விரல்நுனி தானாக வேலை செய்யும். ஒரே நேரத்தில் ஆறு வண்ணம் வைத்தால் எல்லாம் கலந்து சேறாகும். மஞ்சளும் நீலமும் மட்டும் வைத்து, மஞ்சளில் நீலத்தைத் துளித்துளியாக விடச் சொல்லுங்கள். பச்சை பிறப்பதைக் குழந்தை தானே பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய எனாமலில் பிள்ளைகளின் கையை முக்கி அச்சு எடுக்கிறார்கள், பிறகு மண்ணெண்ணெயால் துடைக்கிறார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கிடங்கில் கிடக்கும் பழைய டின்னில் எவ்வளவு இருக்கும் என்று யார் பார்த்தார்கள்? அந்தக் கை சற்று நேரத்தில் வாய்க்குப் போகும்.

2022-இல் வெளியான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு, 3 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அழகியலையும் பண்பாட்டையும் ஒரு வளர்ச்சிக் களமாகவே வைத்திருக்கிறது. காகிதத்தில் உள்ள அது வகுப்பறைக்கு வர, உங்களைப் போன்றவர்களின் துணை தேவை.

நான் கேட்பது பெரிதல்ல. சிறுவர் பக்கத்தில் மாதந்தோறும் அச்சிடும் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்த ஒரு தாளையாவது வழவழப்பில்லாததாகப் போடுங்கள், பளபளத் தாளில் கிரேயான் வழுக்கும், கலர் பென்சில் பிடிக்கவே பிடிக்காது. வரும் படங்களை வரிசைப்படுத்தாமல், குழந்தையின் வயதை வருடம், மாதத்தோடு குறிப்பிட்டு, அது தன் படத்தைப் பற்றிச் சொன்னதைப் பக்கத்தில் அப்படியே வெளியிடுங்கள். பெரியவர் கை பட்ட படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் ஓவியப் பயிற்றுநர் ஒருவர்,
மன்னார்குடி.