நூல் பிடித்த தூரம்

நிஷி கசாய், டோக்கியோ
தை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. தேர்வு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தேர்வு பத்து நாள்தான். போனில் பேசினால் அம்மா அழுதுவிடுகிறாள், அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தீர்களே, கணக்குச் சரிதான். சென்னையிலிருந்து டோக்கியோ ஏறக்குறைய 6,500 கிலோமீட்டர். வங்காள விரிகுடா, பர்மா, தென்சீனம் என்று நூல் போகும். விமானமும் அப்படிப் போக வேண்டுமே! 2019 அக்டோபரில் டோக்கியோ பக்கத்து நரிட்டா விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் விட்டார்கள். அடுத்த ஆண்டே கொரோனாவில் நின்றது. நான் வந்தது சிங்கப்பூர் வழி. முதலில் 2,900, பிறகு 5,300. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ராமேசுவரம் சுற்றிப் போவது போல. பறந்தது பதினோரு மணி நேரம், சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தது பன்னிரண்டு. நம் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து 36 மணி நேரம். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால், நேரடி விமானத்திலும் ஊர் திரும்பத்தான் நேரம் கூடுதல். பெங்களூருவிலிருந்து நேராக வரலாமே என்று மாமா கேட்பார். அவனுக்குச் சிங்கப்பூரைப் பார்க்க ஆசை என்று சொல்லிவிடுங்கள்.

குளிர் ஒன்றும் செய்யவில்லை. ஹீட்டர் காற்று தொண்டைக்கு ஆகாது என்று நான் அதைப் போடுவதில்லை. இட்லி மாவுதான் இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை. பாத்திரத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். விடிந்தால் போர்வையெல்லாம் மாவு. அலசிப் பால்கனியில் போட்டதைக் கீழ்வீட்டுத் தாத்தா பார்த்துவிட்டார். எரிப்பதற்கென்று பிரித்த குப்பையை நாள் மாற்றிப் போட்டால், பையை என் வாசலிலேயே திருப்பி வைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போகிற மனிதர் இவர். அன்று மாலை கதவுப் பிடியில் ஆறு ஆரஞ்சுப் பழம் தொங்கியது. நான் வாந்தி எடுத்ததாக நினைத்திருப்பார்.

இரவில் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலைக்குப் போகிறேன். மாணவர்களுக்கு வாரம் 28 மணி நேரம்தான் அனுமதி. மொழி பழகத்தான் போகிறேன். அங்கே யாரும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே மணி மூன்றரை முந்தியது. பொங்கலன்று பத்தரைக்கு வகுப்பில் இருந்தேன். அங்கே ஏழு, பானை பொங்கியிருக்கும், அம்மா கலாவைக் குலவையிடச் சொல்லியிருப்பாள். ஆசிரியை என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாராம்.

கலாவின் கல்யாணத்தைச் சித்திரை நடுவில் வைக்காதீர்கள். அப்போது இங்கே தொடர் விடுமுறை, டிக்கெட் விலை ஏறிவிடும். வைகாசி என்றால் வரப் பார்க்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெரியப்பா பேசட்டும். நீங்கள் பேசினால் அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவீர்கள்.

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலிக்கு இந்த மாதம் கெடு. வட்டியை மட்டும் கட்டி மறுபடி வையுங்கள், பங்குனிக்குள் பணம் அனுப்புகிறேன். அடகுச் சீட்டு பீரோவில் இல்லை, முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் எடுங்கள்.

இப்படிக்கு,
அன்பு மகன்
ராஜா