அந்தக் குழந்தையின் ரத்தம் பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மா கண் ஆபரேஷன் முடிந்து மறுபடியும் பேப்பர் படிக்கிறார்.

உன் வார்டில் இருக்கும் ஆண் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாயே, மனசு அதிலேயே நிற்கிறது. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டிச் சீழ், அப்புறம் கல்லீரலில் கட்டி. தாய்மாமன் ஒருவரும் சின்ன வயதிலேயே போய்விட்டார் என்கிறாய். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதே. நான் சந்தேகப்படுவது நாள்பட்ட கிரானுலோமா நோய் என்ற பரம்பரை நோயை; அதில் எண்ணிக்கை குறையாது. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கவும் செய்யும். விழுங்கியதைக் கொல்வதற்கான ஆக்சிஜன் வேதிப்பொருள்தான் அவற்றில் உண்டாகாது. அதனால் டாக்டரிடம், அந்த வேதிப்பொருள் உண்டாகிறதா என்று பார்க்கும் டி.எச்.ஆர். (டைஹைட்ரோரோடமின்) பரிசோதனை பற்றிக் கட்டாயம் பேசு.

நாம் படித்தபோது இதற்கே என்.பி.டி. என்ற சாயம் நீலமாகிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது டைஹைட்ரோரோடமின் சாயம் சேர்த்து, பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளை விட்டு அணுக்களைத் தூண்டுகிறோம். வேலை செய்யும் அணு பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு அணுவின் ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியின் வரைபடத்தில் மேடு வலப்பக்கம் நகரும். நோய் இருந்தால் மேடு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். தாயின் ரத்தத்தையும் சேர்த்து எங்கள் லேபுக்கு அனுப்பச் சொல். எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து மகனுக்கு வந்த வகை என்றால், பெரும்பாலும் அவளுக்கு இரண்டு மேடுகள் தெரியும்: ஒளிரும் அணுக்கள் ஒரு பக்கம், ஒளிராதவை மறுபக்கம். தாய்மாமன் இறந்த காரணம்கூட அந்த ஒரு படத்தில் புலப்படலாம். மைலோபெராக்சிடேஸ் என்ற வெள்ளை அணு நொதியின் குறைபாடும் இதே போலக் காட்டி ஏமாற்றும் என்பதால், முடிவை ஜீன் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயில் எடுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது, அறை வெப்பமே போதும். உறவில்லாத, ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து அதே பெட்டியில் வையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழியில் வெயிலில் அணுக்கள் செத்திருந்தால் அந்தக் குழாயும் ஒளிராது. அப்போதுதான் கோளாறு பயணத்திலா குழந்தையிடமா என்று எங்களால் சொல்ல முடியும்.

நோய் என்று தெரிந்தால் பாக்டீரியாவுக்குக் கோ-டிரைமாக்சசோலும் பூஞ்சைக்கு இட்ராகோனசோலும் தினமும் கொடுத்துத் தொற்றைத் தள்ளி வைக்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்றினால் முழுவதும் குணமாகவும் வழி இருக்கிறது. அந்தத் தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்தால், பரிசோதனை முடியும்வரை பி.சி.ஜி. போடாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை இப்போதே அவளுக்குப் புரியும்படி சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், சனி ஞாயிறு வீணாகிவிடும். திங்கள் காலையில் எடுத்து, கூரியரில் கொடுத்ததும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
வசந்தா