ஓட்டிசப் பிள்ளைகளைக் கவனித்து எழுத ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 2 உலக ஓட்டிச விழிப்புணர்வு தினம் வந்தால் மேடைப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கும் எனக்கு அந்தப் பேச்சால் வகுப்புக்குள் ஒரு பிரயோசனமும் கிடைக்கவில்லை.

எங்களுடையது தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே பலகைத் தட்டிதான். என்னிடம் படிக்கும் ஓட்டிசம் உள்ள பையனைப் பற்றிப் பழைய குறிப்பில் இருந்தது, “குழப்படி, சொல்வழி கேட்கமாட்டான்” என்ற ஒரே வரி. அதை வைத்து என்ன செய்வது? விசேட கல்வி படித்த தோழி ஒருத்திதான் வழி காட்டினாள். கத்துவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாங்கள் என்ன செய்தோம் என்று கொப்பியில் மூன்று பத்தியாக எழுதச் சொன்னாள். ‘கோபப்பட்டான்’ என்று எழுதக்கூடாதாம். ‘இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனான்’ என்று கண்ணால் கண்டதை எழுத வேண்டும்.

எழுத எழுத விஷயம் பிடிபட்டது. தகரத்தில் மழை கொட்டும்போதும், பக்கத்து வகுப்பு சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போதும்தான் கத்துகிறான். கத்தினால் அதிபரின் அறைக்கு அனுப்புவது வழக்கம். அங்கே சீலிங் உண்டு, சத்தம் குறைவு. சத்தத்திலிருந்து தப்ப அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான். இப்போது மழை இருட்டிக்கொண்டு வரும்போதே பட அட்டையைக் காட்டிவிட்டு அந்த அறைக்குப் போகப் பழகிவருகிறான்.

ஓட்டிசமா இல்லையா என்று சொல்வது வைத்தியரின் வேலை, அதில் நாங்கள் இறங்கக்கூடாது. ஆனால் கிளினிக்கில் கொஞ்ச நேரமே பார்க்கும் வைத்தியருக்கு, வகுப்பில் நடப்பதை எழுதிக் கொடுக்க எங்களால்தான் முடியும். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிற கொழுந்து பறிக்கும் தாய் வெறுங்கையோடு போகலாமா?

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயில்வோருக்கும் பணியில் இருப்போருக்கும் இந்தப் பயிற்சியைத் தமிழில், செய்முறையாகத் தாருங்கள். ஒரு நாள் செமினாரும் சான்றிதழும் போதாது. இரண்டு பேர் ஒரே பிள்ளையைப் பார்த்துத் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பழக வேண்டும். சில வாரம் கழித்து சேவைக்கால ஆலோசகர் வகுப்புக்கே வந்து கொப்பியைப் பார்க்க வேண்டும். வலயக் கல்வி அலுவலகங்கள் அடுத்த தவணைக்குள் இதற்குத் திகதி குறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
தலவாக்கலை